மைனரின் வெளிச்சம் மங்கினால் பல்ப்பை மாற்றாதீர்கள்

வல்லை வெளியில் இரவு கார் ஓட்டியவர்களுக்கு ஹெட்லைற்றின் அருமை தெரியும். இரண்டு பக்கமும் வீடில்லை, மரமில்லை, காற்றும் உப்புத்தரையும்தான். போன மாரியில் நெல்லியடியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அந்த வெளியில்தான் எங்கள் மொறிஸ் மைனரின் வெளிச்சம் மஞ்சளாகியது. பத்து நிமிடத்தில் மெழுகுதிரி அளவுக்கு வந்துவிட்டது. முன்னால் போன ஒரு ஓட்டோவின் பின் லைற்றைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாள் புதிய ஹெட்லைற் இரண்டு வாங்கிப் போட்டேன். வெளிச்சம் கொஞ்சமும் கூடவில்லை. எங்கள் ஊர்க் கராஜில் வேலை செய்யும் அண்ணை வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பல்ப்பில ஒரு பிழையும் இல்லைத் தம்பி. அதுக்குக் கரண்ட் ஒழுங்கா வந்து சேரேல்லை. வந்தது திரும்பிப் போகவும் வழியில்லை."

அவர் சொன்ன அந்த இரண்டு வசனங்களைத்தான் இந்தக் குறிப்பு முழுவதும் விரித்து எழுதியிருக்கிறேன். பழைய காரில் லைற் கோளாறு என்றால் பத்தில் எட்டுத் தடவை பல்ப் குற்றவாளி அல்ல. போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ ஒரு இணைப்பு கறள் பிடித்திருக்கும். அது எந்த இணைப்பு என்பதை லைற் காட்டும் அறிகுறியே சொல்லிவிடும்.

எங்களிடம் இருப்பது 1959 ஆம் ஆண்டு மைனர் 1000. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் மின்சாரச் சாமான் பெரும்பாலும் லூக்காஸ் தயாரிப்புத்தான். வயர் நிறங்களுக்கும் ஒரே முறைதான்.

தொடங்குமுன் யாழ்ப்பாணத்துக் கார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்தக் கார்கள் துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியவை. உதிரிப்பாகம் எதுவும் வராது. கையில் எந்த வயர் கிடைத்ததோ அதைப் போட்டு ஓட வைத்தார்கள். அந்த மனிதர்களின் கைவேலை இல்லாவிட்டால் இந்தக் கார்கள் இன்று இல்லை. ஆனால் அதன் விளைவாக, புத்தகத்தில் இருக்கும் வயர் நிறத்தை அப்படியே நம்ப முடியாது. எங்கள் காரின் டாஷ்போர்டுக்குப் பின்னால் வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் இரண்டு யார் நீளத்துக்கு இருந்தது. வீட்டுச் சுவரில் அந்த வயர் ஐம்பது வருடம் இருக்கும். அதிரும் காரில் உள்ளே கம்பி முறிந்துவிடும்; வெளியே தோல் மட்டும் முழுசாகத் தெரியும். அப்படி ஒரு வயரைக் கண்டால், அது வேலை செய்தாலும், பல இழைக் கார் வயராக மாற்றிவிடுங்கள்.

மாற்றப்படாத பகுதிகளில் நிறங்கள் இப்படி இருக்கும். மண்ணிறம் என்றால் பற்றரியிலிருந்து நேரே வருவது. அதில் எப்போதும் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்டபின் வருவது. பச்சை, சாவி போட்டபின் பியூஸைக் கடந்து வருவது. நீலம் ஹெட்லைற்: வெள்ளைக் கோடு இருந்தால் ஹை, சிவப்புக் கோடு இருந்தால் டிம். தனிச் சிவப்பு, பார்க் லைற்றும் பின் லைற்றும். பச்சையில் ஊதாக் கோடு பிறேக் லைற். பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், வெள்ளைக் கோடு வலது சிக்னல். கறுப்பு ஏர்த், அதாவது கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழி.

தேவையான சாமான் அதிகம் இல்லை. ஒரு சாதாரண டிஜிற்றல் மீற்றர், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஆறேழு அடி வயர் ஒன்று, ஹோல்டரில் போட்ட 12 வோல்ற் 21 வாற்ஸ் பல்ப் ஒன்று, சான்ட் பேப்பர், சின்ன வயர் பிரஷ், கொஞ்சம் வஸ்லின். அவ்வளவுதான்.

பற்றரியைத் திறந்து பாருங்கள். எந்த முனை காரின் பொடியோடு, அதாவது இரும்பு உடம்போடு, இணைந்திருக்கிறது? மைனர் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பிளஸ் முனைதான் பொடியில். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். பிளஸ் ஏர்த் என்றால் மீற்றரின் சிவப்பு வயரைப் பொடியிலும் கறுப்பு வயரைச் சோதிக்கும் இடத்திலும் வையுங்கள். சாதாரண பல்ப்புக்கு எந்தப் பக்கம் பிளஸ் என்பது பொருட்டில்லை. எல்.ஈ.டி. பல்ப்புக்குப் பொருட்டு, பிளஸ் ஏர்த் காரில் கடையில் கிடைக்கும் எல்.ஈ.டி. பல எரியவே எரியாது. சிலதில் அதன் உலோக உறை ஏர்த்தில் முட்டிப் பியூஸையும் கொண்டுபோகும்.

இன்னொன்று, இதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம். இந்த மைனரில் இருப்பது இரண்டே இரண்டு பியூஸ். ஒன்று ஹோர்னுக்கு. மற்றது சாவி போட்டபின் வேலை செய்யும் சாமான்களுக்கு: பிறேக் லைற், சிக்னல், வைப்பர், பெற்றோல் மீற்றர். ஹெட்லைற்றுக்குப் பியூஸே இல்லை. அந்த மண்ணிற வயர் எங்காவது பொடியில் முட்டினால் உருகுவதற்கு வயரைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே எந்த வயரைக் கழற்றுவதென்றாலும் முதலில் பற்றரியின் ஏர்த் முனையைக் கழற்றுங்கள். முடிந்தபின் அதைக் கடைசியாகப் போடுங்கள்.

எந்த லைற்றும் இல்லை, ஹோர்னும் இல்லை

இது பயமுறுத்தும், ஆனால் கண்டுபிடிக்கச் சுலபமானது. பற்றரி முனைகளைக் கழற்றி, வெள்ளைப் பூ பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கிப் போடுங்கள். பற்றரியிலிருந்து பொடிக்குப் போகும் தடித்த பட்டியின் மறுமுனையை மறக்க வேண்டாம். எல்லோரும் பற்றரிப் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்வார்கள். பொடிப் பக்கத்துப் போல்ற்று கறளில் ஊறிக்கிடக்கும். ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்ட வேண்டும். 12 க்குக் கீழே என்றால் சார்ஜ் பண்ணிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

இரண்டு ஹெட்லைற்றும் மஞ்சளாக எரிகிறது

எங்களுக்கு வல்லை வெளியில் வந்தது இதுதான். நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய அறிகுறி.

பல்ப்பின் வெளிச்சம் வோல்ற் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை. அதைவிட வேகமாகக் குறையும். பத்து வீதம் வோல்ற் போனால் ஏறத்தாழ முப்பது வீதம் வெளிச்சம் போய்விடும். ஆகவே ஒன்றரை வோல்ற் வழியில் தொலைந்தால் வீதி இருட்டிவிடும்.

அந்த வோல்ற் எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டும். லைற்றைப் போட்டுவிட்டு, எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். இதுதான் முக்கியம். லைற்றைக் கழற்றிவிட்டு வெறும் வயரில் அளந்தால் எவ்வளவு மோசமான இணைப்பும் 12 வோல்ற் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் இணைப்பின் உண்மை நிலை தெரியும். ஹை போட்டால் இரண்டு 60 வாற்ஸ் பல்ப்பும் சேர்ந்து 10 அம்பியர் எடுக்கும். அந்தப் பத்து அம்பியரும் ஒரு களிம்பு பிடித்த முனையால் போக வேண்டியிருக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, ஹை போட்டு, முதலில் பற்றரி முனைகளில் அளந்தேன்: 12.3. பிறகு பல்ப்பின் இரண்டு முனைகளுக்கும் இடையில்: 9.6. கிட்டத்தட்ட மூன்று வோல்ற் வழியில் போய்விட்டது. இனி அதைப் பிரிக்க வேண்டும். மீற்றரின் ஒரு வயரைப் பற்றரியின் கரண்ட் முனையிலும் மற்றதைப் பல்ப்பின் கரண்ட் முனையிலும் வைத்தேன்: 1.6. அது போகும் வழியில் தொலைந்தது. பற்றரியின் ஏர்த் முனைக்கும் பல்ப்பின் ஏர்த் முனைக்கும் இடையில்: 1.1. அது திரும்பும் வழியில். அரை வோல்ற்றுக்கு மேல் போகும் வழியிலோ, 0.2 க்கு மேல் திரும்பும் வழியிலோ தொலைந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஒரு வயரைப் பற்றரியில் விட்டுவிட்டு மற்றதைப் படிப்படியாக முன்னே கொண்டுபோங்கள். ஸ்ராட்டர் சுவிச்சில் மண்ணிற வயர் இறங்கும் போல்ற்று, சார்ஜ் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் ஏ, ஏ 1 முனைகள், லைற் சுவிச்சின் உள் முனை, வெளி முனை, காலால் மிதிக்கும் டிம் சுவிச்சின் இரு பக்கம், கடைசியாக றேடியேற்றருக்குப் பக்கத்தில் வயர்கள் சந்திக்கும் புல்லட் இணைப்பு. எந்த இடத்தில் எண் சட்டென்று ஏறுகிறதோ அதற்கு முந்திய இணைப்பில்தான் நோய். எங்கள் காரில் லைற் சுவிச்சுக்குள் 0.4, டிம் சுவிச்சுக்குள் 0.5, புல்லட் இணைப்பில் 0.5. மிச்சம் வயரில். ஒரே திருடன் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். அந்த மாதிரி இணைப்புகள் எரிய எரியச் சூடாகும், சூடாகச் சூடாக இன்னும் தடுக்கும். நெல்லியடியில் நன்றாக இருந்த வெளிச்சம் வல்லை வெளியில் மங்கியதற்குக் காரணம் அதுதான்.

புல்லட் இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயர் நுனியில் குண்டு மாதிரி ஒரு பித்தளை முனை. இரண்டு குண்டுகளை ஒரு றப்பர் உறைக்குள் இருக்கும் சின்னக் குழாய் பிடித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குறட்டால் இழுத்துக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. எங்கள் குடாநாட்டில் எந்த ஊரிலிருந்தும் கடலோ கடல்நீரேரியோ தூரமில்லை. உப்புக்காற்று அந்த றப்பருக்குள் சத்தமில்லாமல் போகிறது. குண்டைச் சான்ட் பேப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். குழாய் தளர்ந்திருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, புதிது போடுங்கள்; விலை மிகக் குறைவு. சேர்க்குமுன் கொஞ்சம் வஸ்லின் பூசினால் அடுத்த மாரிக்கும் தாங்கும்.

எல்லாம் சுத்தம் செய்தபின் பல்ப்பில் 11.7 வந்தது. அதே பல்ப், அதே பற்றரி, வெள்ளை வெளிச்சம்.

இதற்கு மேலும் வேண்டும் என்றால் றிலே போடலாம். பழைய லைற் சுவிச்சை றிலேக்குக் கட்டளை கொடுக்க மட்டும் விட்டுவிட்டு, ஹெட்லைற்றின் முழுக் கரண்ட்டையும் பற்றரியிலிருந்து புது வயரால், தனிப் பியூஸால் கொண்டுபோவது. ஹைக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. இது செய்தால் இதுவரை இல்லாத பியூஸ் பாதுகாப்பும் கிடைக்கிறது. அதனால் இதை நான் மனதார ஆதரிக்கிறேன். பிளஸ் ஏர்த் காருக்கு வாங்கும்போது உள்ளே டயோட் இல்லாத றிலேயாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் 100 வாற்ஸ் பல்ப்பை வாங்கிப் பழைய வயரில் போட வேண்டாம். வோல்ற் இன்னும் விழும், சுவிச் உருகும்.

ஓடும்போது பிரகாசம், நின்றால் மங்கல்

சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் குறைந்து, அக்சிலேற்றரை மிதித்தால் கூடினால், பெரும்பாலும் அது கோளாறு அல்ல. மைனரில் இருப்பது ஓல்ற்றனேற்றர் இல்லை, டைனமோ. எஞ்சின் சும்மா ஓடும்போது டைனமோ ஒன்றும் தராது. எல்லாம் பற்றரியிலிருந்தே போகும். சிவப்புச் சார்ஜ் லைற் இலேசாக மினுங்குவதும் அதனால்தான். மிதித்த பிறகும் சிவப்பு அணையாவிட்டால்தான் டைனமோவைப் பார்க்க வேண்டும்: பெல்ற் தளர்ச்சி, கார்பன் பிரஷ் தேய்வு, பிறகு ரெகுலேற்றர். அந்த டைனமோ முழு வேகத்தில் தருவதே 19 முதல் 22 அம்பியர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹெட்லைற், வைப்பர், இடையில் யாரோ பூட்டிய பாட்டுப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் மழை இரவில் பற்றரி மெல்ல மெல்ல இறங்கும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல்

ஒரு பக்கம் நன்றாக எரிகிறது என்றால் லைற் சுவிச், டிம் சுவிச் இரண்டையும் விட்டுவிடலாம். பிழை அந்தப் பக்கத்து இணைப்பிலோ ஏர்த்திலோதான். கிளிப் வயரின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த்தில் கடித்து, மறுமுனையை அந்தப் பல்ப்பின் ஏர்த் முனையில் தொடுங்கள். வெளிச்சம் உடனே கூடினால் ஏர்த்தான்.

மைனரின் மட்காட்டுகள் தனியாகப் போல்ற்றுப் போட்டுப் பொருத்தப்பட்டவை. பொடிக்கும் மட்காட்டுக்கும் நடுவில் ஒரு பட்டியும் இருக்கிறது. பெயின்ற் அடிக்கும்போது எல்லா முகமும் மூடிவிடும். அதனால் கார் எவ்வளவு அழகாகப் பெயின்ற் அடிக்கப்பட்டதோ அவ்வளவு ஏர்த் போயிருக்கும். கலியாணத்துக்கு வாடகைக்கு விடுவதற்காகப் புதுப்பித்த கார்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயின்றைச் சுரண்ட மனம் வராவிட்டால் சுரண்ட வேண்டாம். லைற்றின் கிண்ணத்திலிருந்து ஒரு கறுப்பு வயரை நேராகப் பொடியின் ஒரு சுத்தமான போல்ற்றுக்குக் கொண்டுபோங்கள்.

டிம் இருக்கிறது, ஹை இல்லை (அல்லது மறுதலையாக)

இரண்டு பல்ப்பிலும் ஒரே இழை ஒரே நாளில் போவது மிக அரிது. காலடியில் இருக்கும் டிம் சுவிச்சைச் சந்தேகியுங்கள். மாரியில் நனைந்த செருப்பு, மணல், செம்மண் எல்லாம் அதன் தலையில்தான். கழற்றாமலே சோதிக்கலாம். லைற்றைப் போட்டுவிட்டு, தனி நீல வயரின் முனையையும் வெள்ளைக் கோடு போட்ட நீல வயரின் முனையையும் கிளிப் வயரால் இணையுங்கள். ஹை வந்தால் சுவிச் பிழை. உள்ளே துப்புரவு செய்து சில மாதம் ஓட்டலாம். ஆனால் இது ஓடும்போது இரண்டு லைற்றையும் ஒரே நொடியில் அணைக்கக்கூடிய சாமான், அதனால் புதிது போடச் சொல்வேன்.

பிறேக் மிதித்தால் வேறு லைற் எரிகிறது

பார்க்க மாயம் மாதிரி இருக்கும். பார்க் லைற் அணைந்திருக்க, பிறேக்கை மிதித்தால் நம்பர் பிளேற் லைற் மங்கலாக எரியும், முன் பார்க் லைற்றும் கூட. அல்லது பார்க் லைற் எரியும்போது பிறேக்கை மிதித்தால் ஒரு பக்கப் பின் லைற் கூடாமல் மங்கும். வயர் மாறிவிட்டது என்று நினைத்துச் சிலர் பின்பக்க வயரிங் முழுவதையும் பிரித்துவிடுவார்கள். பிரிக்க வேண்டாம்.

பின் பல்ப்பில் இரண்டு இழை: 21 வாற்ஸ் பிறேக்குக்கு, 5 அல்லது 6 வாற்ஸ் பின் லைற்றுக்கு. இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றுதான், பல்ப்பின் பித்தளை உடம்பு. அந்த உடம்பின் ஏர்த் போய்விட்டால், பிறேக் இழைக்கு வந்த கரண்ட் சும்மா இருக்காது. பக்கத்துப் பின் லைற் இழைக்குள் பின்பக்கமாகப் புகுந்து, சிவப்பு வயரால் மேலே ஏறி, அந்த வயரில் தொங்கும் மற்ற எல்லா லைற்றுகளின் ஊடாகவும் ஏர்த்தைத் தேடிப் போகும். போகும் வழியில் அவற்றை மங்கலாக எரித்துக்கொண்டு போகும். தண்ணீர் போகும் வாய்க்காலை அடைத்தால் பக்கத்துத் தோட்டத்துக்குள் பாய்வது போலத்தான். அடைப்பை எடுத்தால் போதும்.

எந்தப் பக்கம் என்று தெரிய, கிளிப் வயரால் ஒவ்வொரு பின் லைற்றின் உடம்பையும் பொடியின் சுத்தமான இரும்பில் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் எல்லாம் ஒழுங்கானால் அதுதான். ஹோல்டருக்குள் கறள், அடியில் லைற்றைப் பிடிக்கும் ஸ்குறூ, பிறகு மட்காட் போல்ற்று என்று வரிசையாகச் சுத்தம் செய்யுங்கள். நான் எங்கள் காரில் இரண்டு பக்கமும் தனி ஏர்த் வயர் இழுத்து டிக்கிக்குள் ஒரு போல்ற்றில் இறுக்கிவிட்டேன். நிம்மதி.

இதே அறிகுறிக்கு இன்னொரு சின்னக் காரணம் உண்டு. அந்தப் பல்ப்பின் இரண்டு ஆணிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. மாற்றிப் போடாமல் இருப்பதற்காக அப்படிச் செய்தது. ஆணி சமமாக இருக்கும் பல்ப்பை யாராவது நெருக்கி ஏற்றியிருந்தால் பிறேக்கும் பின் லைற்றும் இடம் மாறிவிடும். கழற்றி ஒருமுறை பாருங்கள்.

பிறேக் லைற் இல்லவே இல்லை

சாவி போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சாவி இல்லாமல் இந்தக் காரில் பிறேக் லைற் வராது. பிறகு பியூஸ். சிக்னலும் வைப்பரும் வேலை செய்தால் பியூஸ் நல்லது. அடுத்தது சுவிச். அது பெடலில் இல்லை. பிறேக் ஒயில் குழாய்கள் பிரியும் இடத்தில் திருகியிருக்கும். ஒயிலின் அழுத்தம்தான் அதைப் போடுகிறது. அதன் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டால் பிறேக் லைற் எரிய வேண்டும். எரிந்தால் சுவிச் பிழை. மாற்றியபின் காற்று இறங்கியிருந்தால் பிறேக்கை பிளீட் பண்ணி அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். பெடலை மிகப் பலமாக மிதித்தால் மட்டும் எரிகிற சுவிச்சும் மாற்ற வேண்டியதே. பின்னால் வரும் பேருந்துக்கு நீங்கள் மெல்ல மிதிப்பதும் தெரிய வேண்டும். சுவிச்சின் முனைகளில் ஒயில் ஈரம் கண்டால் அது லைற் பிரச்சினை அல்ல, பிறேக் பிரச்சினை. காரை எடுக்காமல் அதை முதலில் செய்யுங்கள்.

சிக்னல் மினுங்கவில்லை, அல்லது படபடவென்று அடிக்கிறது

1961 வரை வந்த மைனரில் கதவுத் தூணிலிருந்து எழும் கைகாட்டி இருந்தது. எழாவிட்டால் கீலுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய், உள்ளே சின்ன 3 வாற்ஸ் பல்ப், அவ்வளவே. பலர் பிறகு மினுங்கும் சிக்னல் பூட்டியிருக்கிறார்கள். சிக்னலை மினுங்க வைக்கும் பழைய பிளாஷருக்குள் சூடாகி நீளும் கம்பி இருக்கிறது. முன்னும் பின்னும் 21 வாற்ஸ் பல்ப் இருந்தால்தான் அது சரியாக அடிக்கும். பல்ப் ஒன்று போனாலும், வாற்ஸ் குறைந்த பல்ப் போட்டாலும், ஏர்த் மோசமானாலும் தாளம் மாறும். எல்.ஈ.டி. போட்டால் அடிக்கவே அடிக்காது. முதலில் எட்டு பத்துத் தடவை சுற்றிவந்து பல்ப்புகளையும் ஏர்த்தையும் பாருங்கள். பிளாஷரைக் கடைசியாகக் குறை சொல்லுங்கள்.

பியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது

பெரிய பியூஸ் போடுவதோ, சிகரெட் தாளின் வெள்ளி உறையைச் சுற்றுவதோ வேண்டவே வேண்டாம். கார் எரிவது அப்படித்தான்.

முதலில் பியூஸின் எண்ணைப் பற்றி. லூக்காஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று இருந்தால், 35 அம்பியரில் அது எரியும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 அம்பியர் அளவு. இன்று கடையில் கிடைக்கும் பல பியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. 35 என்று பார்த்து அதை வாங்கிப் போட்டால் பாதுகாப்புப் பாதியாகிவிடும். 15 அல்லது 17 எழுதியதை வாங்குங்கள்.

இனி முட்டும் இடத்தைத் தேடுவது. எரிந்த பியூஸைக் கழற்றிவிட்டு அது இருந்த இரண்டு முனைகளிலும் அந்த 21 வாற்ஸ் சோதனைப் பல்ப்பை இணையுங்கள். இனி வயர் எங்கே முட்டினாலும் இரண்டு அம்பியருக்கு மேல் போகாது, ஒன்றும் எரியாது. சாவியைப் போடுங்கள். சோதனைப் பல்ப் முழுப் பிரகாசமாக எரிந்தால் எங்கோ முட்டுகிறது. இலேசாக மினுங்கினால் பெற்றோல் மீற்றர் எடுக்கும் கரண்ட், அதை விட்டுவிடுங்கள். பிறகு பச்சை வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போங்கள். எதைக் கழற்றும்போது பல்ப் மங்குகிறதோ அந்த வழியில்தான் பிழை. பள்ளத்தில் விழும்போது மட்டும் எரிகிற பியூஸ் என்றால், ஒருவர் சோதனைப் பல்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வயர் கட்டை இடம் இடமாக அசைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் காரில் அதை என் மகள்தான் பிடித்தாள்: டிக்கி மூடியின் கீலுக்குப் பக்கத்தில், வயர் ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் றப்பர் வளையம் உக்கிப் போய், தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக.

ஹெட்லைற் வயரையும் இதே முறையில் தேடலாம். லைற் சுவிச்சுக்கு வரும் நீலக் கோடு போட்ட மண்ணிற வயரைக் கழற்றி, அதற்கும் சுவிச்சுக்கும் நடுவில் சோதனைப் பல்ப்பை வையுங்கள். ஹெட்லைற், பார்க் லைற், பின் லைற், டாஷ்போர்டு பல்ப்புகளை எல்லாம் முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் ஊடாகவே சோதனைப் பல்ப் எரிந்து உங்களைக் குழப்பும்.

பல்ப் மாதத்துக்கு ஒன்று போகிறது

இங்கே நிலைமை தலைகீழ்: வோல்ற் கூடிப்போயிருக்கிறது. எஞ்சினை நல்ல வேகத்தில் ஓட விட்டுப் பற்றரி முனைகளில் அளங்கள். 14 ஐச் சுற்றி இருக்க வேண்டும். 15 ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் தன் வேலையைச் செய்யவில்லை. பற்றரித் தண்ணீர் அடிக்கடி குறைவதும் இதற்குத் துணை அறிகுறி.

ரெகுலேற்றரைத் திறந்து ஸ்குறூவைத் திருகுமுன், அதன் ஈ என்ற முனையிலிருந்து பொடிக்குப் போகும் கறுப்பு வயரைப் பாருங்கள். அந்த ஏர்த் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருளுக்கு வோல்ற் ஏறுவது தெரியாது. டைனமோவை அடக்க ஆளில்லாமல் அது முழுப் பலத்தோடு ஊற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு ஏ 40 இல் 16.4 காட்டியது. அந்த வயரின் வளையத்தைத் தேய்த்து, அடியில் இருந்த பெயின்றைச் சுரண்டி இறுக்கினோம். 14.2 க்கு வந்து நின்றது. ரெகுலேற்றரின் மூடியைத் திறக்கவே இல்லை.